நகம் வெட்டும் நேரம்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறிய சவரிமுத்து மாடியிலிருந்து விழுந்து நாற்பத்தோரு நாளாகிவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று காலை அவருடைய தம்பி அந்தோணி கட்டிலருகே வந்து நின்றான். "மதினி, மூக்குக் குழாயை எடுத்திருவோம். அண்ணன் எப்பவோ போயாச்சு. வெறும் உடம்புதான் கிடக்கு."

கணவனின் கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்த அமலோற்பவம், கட்டைவிரலை முடித்த பிறகுதான் வாய் திறந்தாள். "மூச்சு விடுதாரு. ஊத்துற கஞ்சி செரிக்குது. மூத்திரப் பை ரொம்புது, நாந்தான மாத்துதேன். போன ஞாயித்துக்கிழமை வெட்டின நகம், இந்தா பாரு, மறுபடி வளந்து நிக்கி. போனவருக்கு எதுக்கு நகம் வளரணும்?"

"தொட்டா தெரியுதா அவருக்கு?" என்று கேட்டான் அந்தோணி.

அவள் சுண்டுவிரலைப் பிடித்தாள். தினமும் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. கண் கலங்கியதில் நகவெட்டி சதையையும் சேர்த்துக் கடித்துவிட்டது. சவரிமுத்துவின் சுண்டுவிரல் வெடுக்கென்று அவள் பிடியிலிருந்து விலகி உள்ளே மடங்கியது.

அந்தோணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் ரத்தம் கசிந்த விரலை முந்தானையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"வலிக்குதா?" என்று அவர் காதோரம் கேட்டுவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகப் பதிலுக்குக் காத்திருந்தாள்.