மெட்டு யாருக்கு?

"எனக்கு நாலே நாலு வரிதானா?"

பெரிய மருமகள் வயலினுக்கான இசைக்குறிப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் நீள நீளமான சுரங்கள். வில்லை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். மெட்டு கிட்டத்தட்ட மொத்தமும் புல்லாங்குழலுக்கு.

புல்லாங்குழல் வாசிப்பது சின்ன மருமகள். வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

மாமனார் பணி ஓய்வு பெறுகிறார். விழாவில் அவருக்குப் பிடித்த பாட்டை மருமகள்கள் இருவரும் வாசிக்க, நாத்தனார் பியானோ வாசிப்பதாக ஏற்பாடு.

"யாரு இந்த நோட்ஸ் செட்டைத் தேர்ந்தெடுத்தது?"

நாத்தனார் தயங்கினாள். "நான் வாங்கினது வேற அண்ணி. அதுல வயலினுக்குத்தான் மெட்டு. சின்ன அண்ணிதான் கடைக்குப் போய் மாத்திட்டு வந்தாங்க. இது இன்னும் நல்லா இருக்கும்னாங்க."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் மெட்டு அவளுடையது. நேற்று வந்தவள் முன்னால் நிற்பாளாம், இவள் பின்னால் நின்று ஒத்து ஊதுவாளாம்!

சாயங்காலம் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஊதியே பிழைச்சுக்கிட்டா. இடம் கொடுத்தா மடத்தையே பிடுங்குறா!"

"விடும்மா. நீயும்தான் மூணு மாசமா வயலின் பெட்டியைத் தொறக்கவே இல்லையே. கார் கதவுல விரல் நசுங்கினதுலேர்ந்து..."

"அதெல்லாம் எப்பவோ ஆறிடுச்சு. வேலை இருந்துச்சு, தொறக்கலை."

மாடியில் புல்லாங்குழல் ஒரே வரியைப் பதினாலாவது தடவை ஊதியது. பதினாலாவது தடவையும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தது.

"கேட்டீங்களா? நான் இருக்கேன்னு ஊருக்கே தண்டோரா போடுறா."

மறுநாள் மூன்று பேருடைய தாள்களையும் கடை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் சுவர் முழுக்க இழுப்பறைகள். தனி வயலின், தனிப் புல்லாங்குழல், இருவர், மூவர், நால்வர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உறையைப் பார்த்தார்.

"இதே பாட்டுல வயலினுக்கு மெட்டு வர்ற செட் ஒண்ணு இருக்குல்ல? அது வேணும்."

"இருக்கும்மா. பாட்டு ஒண்ணுதான். மெட்டு யார் கையிலங்கிறதுதான் செட்டுக்கு செட்டு மாறும்." ஒரு சிறிய படிவத்தை நீட்டினார். "எதுக்கு மாத்துறீங்கன்னு காரணம் மட்டும் எழுதிடுங்க. நகல் எடுத்துக்கிட்டு மாத்திக் கேக்கிறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. அதனால இந்தக் கடையில இப்படி ஒரு வழக்கம்."

பெரியவள் பேனாவை எடுத்தாள். உண்மையை எழுத முடியுமா? நாகரிகமாகவே எழுதினாள்.

'புல்லாங்குழல் வாசிப்பவள் சின்னப் பெண். பாவம், இது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்காகத்தான் மாற்றுகிறேன்.'

எழுதி முடித்தபோது அவளுக்கே தன் நல்ல மனசின் மேல் லேசாக மரியாதை வந்துவிட்டது.

கடைக்காரர் படித்தார். உறை மேலிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பழைய படிவக் கட்டை எடுத்துப் புரட்டினார்.

"அடடே, ஒரே குடும்பமா! நீங்கதான் அந்த அக்காவா? போன வாரம் அந்தப் பொண்ணு வந்து எல்லா இழுப்பறையையும் கொட்டித் தேடிச்சும்மா. அரை நாள் போச்சு. இப்ப நீங்க அதுக்காக வந்திருக்கீங்க. இப்படிப்பட்ட ஓரகத்திகளை நான் பார்த்ததே இல்லை!"

இரண்டு படிவங்களையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

சின்னவளின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது.

'இந்த செட்டில் வயலினுக்குச் சுண்டு விரல் வேலை அதிகம். அக்காவுக்கு இடது கைச் சுண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. டம்ளரைப் பிடிக்கும்போது பார்த்தேன். அவங்களே மறைக்கும்போது நான் கேட்க முடியாது. அந்த விரல் தேவைப்படாத வயலின் பாகம் உள்ள செட் வேண்டும். சபையில் அவங்க தடுமாறக் கூடாது. புல்லாங்குழல் எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன்.'

மேஜை மேலிருந்த தன் இடது கையைப் பெரியவள் பார்த்தாள். நாலு விரல் மடங்கியிருந்தது. சுண்டு விரல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. பதினாலு தடவை தடுக்கி விழுந்த அந்த வரி காதில் கேட்டது.

"இந்தாங்கம்மா, நீங்க கேட்ட செட்."

"வேண்டாங்க. பழசே இருக்கட்டும். நான் எழுதினதைக் கிழிச்சிடுங்க."

"கிழிக்க முடியாதும்மா, வரிசை எண் போட்டது. ரத்துன்னு வேணா எழுதிக்கலாம். ஆனா அதுக்கும் காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதட்டும்?"

பெரியவள் உறையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பொறாமைன்னு எழுதிக்குங்க."