வத்தக்குழம்பும் மரகத புத்தரும்

மரகத புத்தரைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் அரண்மனை முற்றத்தில் நிற்க முடியாது என்று வீரமணி அடித்துச் சொன்னார்.

தஞ்சாவூரில் டூர் ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பாங்காக் போகும் பயணிகள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று ஆபீஸ் கொடுப்பது.

வீரமணிக்குத் தொப்பி கிடையாது. அவர் சமையல்காரர்.

நம் ஊர்க்காரர்கள் எந்தச் சீமைக்குப் போனாலும் ராத்திரி ரசம் இருந்தாக வேண்டும். அதனால் குழுவோடு சமையல்காரரும் விமானம் ஏறுவார். அரிசி விளைந்து கொட்டுகிற தேசத்துக்கே பொன்னி அரிசியும் போகும், ஆளுக்குக் கொஞ்சமாகப் பயணிகளின் பெட்டிகளில்.

"அங்க ஆத்துல படகுல போகலாமா மாஸ்டர், பயமில்லையே?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியை அனுராதா.

"தாராளமாப் போங்க டீச்சர். வெண்ணாறு நெறஞ்சு ஓடுற மாதிரிதான், அகலம் மட்டும் பல மடங்கு. சாயங்காலமா போங்க. கரையில கோயில் கோபுரத்துக்கு விளக்குப் போடுவாங்க பாருங்க, வீடு வாசல் மறந்துபோயிடும்."

படுத்திருக்கும் புத்தரின் பாதத்தில் முத்துச்சிப்பி வேலைப்பாட்டைப் பார்க்காமல் வரக் கூடாது. மிதக்கும் சந்தையில் சொன்ன விலையில் பாதிதான் கேட்க வேண்டும். ஒட்டுகிற அரிசிச் சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றி மாம்பழத்தோடு தருவார்கள், அதை ஒரு வாய் சாப்பிட்டால் கரண்டியைக் கீழே வைக்க மனசு வராது. எந்தக் கேள்விக்கும் வீரமணி தடுமாறவில்லை.

சொன்னது அத்தனையும் நிஜம். அதில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

பலமுறை போய்வந்தவர்தான். ஆனால் பகல் முழுக்க ஓட்டலின் பின்கட்டில் வேலை சரியாக இருக்கும். ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்ததும் பேச ஆரம்பிப்பார்கள். ரசம் ஊற்றிக்கொண்டே வீரமணி கேட்பார். அப்படிச் சேர்த்து வைத்த ஊர்தான் அவருடைய பாங்காக்.

கேட்டதெல்லாம் அன்றன்றைய சமையலோடு ஒட்டிக்கொண்டு மனதில் தங்கிவிட்டது. மரகத புத்தர் என்றால் வத்தக்குழம்பு. படுத்திருக்கும் புத்தர் என்றால் வெண்டைக்காய்ப் பொரியல். மிதக்கும் சந்தை, மோர்க்குழம்பு திரிந்துபோய் மானம் போன அன்று.

நீடாமங்கலத்துக்குத் திரும்பியதும் மனைவி கனகாவிடம் எல்லாவற்றையும் தானே பார்த்ததாகச் சொல்வார். பொய் சொல்லக் கிளம்பியவர் இல்லை. முதல் தடவை அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டபோது, அடுப்படியைத் தாண்டவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

அந்தக் கனகா இப்போது வேன் ஓரமாக மளிகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வழக்கமான உதவியாள் இந்த முறை வரவில்லை. போன மாதம் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கனகாவே டூர் முதலாளிக்குப் போன் போட்டு, நான் வருகிறேன் என்று பேசி முடித்திருந்தாள்.

நாளைக்குக் குட்டு உடைந்துவிடும். படகுத்துறை எந்தப் பக்கம் என்று அவள் கேட்டால் எங்கே கையைக் காட்டுவது? ஓட்டல் வாசலிலிருந்து காய்கறிக் கடைக்கு வழி தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் தன்னைப் பெருமையாகப் பார்த்த கண்கள் இனி எப்படிப் பார்க்கும்? பயணிகளுக்குப் பதில் சொன்ன குரல் மட்டும் கணீரென்றே இருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். பெட்டியைத் தூக்க வீரமணி குனிந்தார். கனகா எழுந்திருக்கவில்லை.

"பெட்டிச் சாவியைக் குடுங்க."

கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொத நாள் அடுப்பு எனக்கு, ஊரு உங்களுக்கு. மறுநாள் மாத்திக்குவோம். மொதலாளிகிட்ட பேசியாச்சு."

அவர் தொப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"எந்த புத்தரைப் பத்திச் சொன்னாலும் கூடவே ஒரு கொழம்பும் பொரியலும் வந்துச்சுங்களே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. "நாளைக்கு ராத்திரி தட்டு முன்னாடி உக்காந்து சொல்லுங்க. ரசம் ஊத்திக்கிட்டே கேக்குறேன்."

வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். அனுராதா டீச்சர் நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

"மாஸ்டர், நாளைக்கு எது மொதல்ல? மரகத புத்தரா, படகா?"

"தெரியாது டீச்சர். நானும் இப்பதான் மொதமொதலா பாக்கப் போறேன்" என்றார் வீரமணி, அதே கணீர்க் குரலில்.