வீடு வர இன்னும் இருபது நிமிடம்

பெர்மாஸ் ஜெயா வீட்டில் சிந்துஜா காலையிலிருந்து ஒரே நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் எப்போது வீடு சேர்வார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லும் செயலி அது. வெறும் வினாடிக் கணக்கை வாங்கி, ‘வந்து பத்து நிமிடம் ஆகிறது’, ‘வர இன்னும் ஒரு மணி நேரம்’ என்று மனிதர் பேச்சாக மாற்ற வேண்டும். சோதித்துப் பார்க்கக் கணவன் வசந்தனின் போனையும் அதில் சேர்த்திருந்தாள்.

மாலையில் வசந்தன் வந்து, குளித்து, அவள் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரையிலோ, ‘வசந்தன் வீடு வர இன்னும் இருபது நிமிடம்’ என்றிருந்தது.

கூட்டல் கழித்தல் குறி எங்கோ மாறியிருக்கும் என்று தேடினாள். எல்லாம் சரியாக இருந்தது. சோதனையில் சேர்த்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் சரியாகவே காட்டியது.

“உங்க போன் எங்கங்க?”

“மோட்டர்லயே வச்சிட்டேன்லா,” என்றான், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

இருபது பத்தானது. பத்து ஐந்தானது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினாள். வாசல் போர்ச்சில் அவன் மோட்டர் சைக்கிள் இல்லை.

‘வர இன்னும் ஒரு நிமிடம்.’

தெருமுனையில் பழகிய மோட்டர் சத்தம் திரும்பியது. மாலையிலிருந்து அலமாரிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த வீட்டு நாய், வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

“சிந்து, கதவத் திற. இன்னிக்கு பாலத்துல ஜாம் ரொம்ப மோசம்லா!” வெளியே வசந்தனின் குரல்.

மேசையில் இருந்தவன் சோற்றை வேகவேகமாக அள்ளினான்.

“கொஞ்சம் இரு சிந்து,” என்று கெஞ்சினான். “நான் சாப்பிட்டு முடிச்சிக்கிறேன்.”