ஒன்றரை லட்சத்துக்கு ஓட்டையில்லை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஐந்து மணிக்குள் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டிய சண்முகப்பிரியா, செட்டிகுளத்திலிருந்து கொண்டுவந்த பென்டிரைவை என்னிடம் நீட்டுகிறாள். "அண்ணே, உங்க லேப்டாப்புல போட்டுத் தர்றீங்களா?" யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு வாரமாகக் காத்திருந்தவன், ஒன்றரை லட்ச ரூபாய்ப் புது லேப்டாப்பைக் கவுண்டரில் வைக்கிறேன். சந்தை மாட்டைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். பென்டிரைவ் நுழைய இடமே இல்லை. "அதுக்குத் தனியா ஒயர் வாங்கணும்மா, நாலாயிரம்." சொல்லும்போதே வாய் கசக்கிறது. "ஓட்டைக்குத் தனிக் காசா சார்?" என்று கேட்டபடி கடைக்காரப் புஷ்பவல்லி, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த, செலோடேப் ஒட்டிய தடித்த லேப்டாப்பை மேசைக்கடியிலிருந்து இழுக்கிறார். அது இருமி, கனைத்து, பென்டிரைவை வாங்கிக்கொள்கிறது. காகிதங்கள் சுடச்சுட வந்து விழுகின்றன. என்னுடையதன் கறுத்த திரையில் என் மூஞ்சி தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க என் லேப்டாப்பை மூடிக் காகிதங்கள்மேல் வைக்கிறார் புஷ்பவல்லி. ஓரங்கள் அப்போதும் படபடக்கின்றன. "வெயிட்டும் இல்லியே சார்" என்று அதன் தலையில் ஸ்டேப்ளரை வைக்கிறார். கையெழுத்துப் போடச் சண்முகப்பிரியா பேனா கேட்கிறாள். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய்ப் பேனாவைப் பயந்துகொண்டே கொடுக்கிறேன். எழுதுகிறது.