கடல் பார்க்காத ஜீப்னி

படகிலிருந்து கடலில் விழுந்து செத்த தாந்தேயின் பயணிகள் வண்டியான ஜீப்னி, துக்க வருஷம் முடியும்வரை கொட்டகையில் கிடந்தது. அதை விற்பதற்காக அவன் தம்பி நெஸ்டர், மெக்கானிக் கார்டோவைக் கூட்டிவந்தான். பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் சுற்றவில்லை. டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஸ்பேனரால் சுற்றினான் கார்டோ. அந்தத் துளைகளிலிருந்து பீறிட்ட தண்ணீர் அவன் உதட்டில் தெறித்தது.

"உப்புக் கரிக்குது. வண்டி கடலுக்கா போச்சு?"

"வண்டி போகல. அவரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனவன் இவன்தான்," என்றாள் தாந்தேயின் மனைவி லோர்னா, நெஸ்டரைக் காட்டி.

"இன்னும் அதையே பேசிட்டிருங்க, அண்ணி." நெஸ்டர் கார்டோ பக்கம் திரும்பினான். "நீ வேலையப் பாரு."

தண்ணீரை வடித்து, கழற்றியதை மாட்டி, சாவியைத் திருப்பினான் கார்டோ. எஞ்சின் உடனே ஓடத் தொடங்கியது. நெஸ்டர் இருமினான். எஞ்சின் ஓட ஓட, வாயைப் பொத்திய விரல்களுக்கிடையே தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கார்டோவின் கை சாவிக்குப் போனது.

"அணைக்காத கார்டோ," என்றாள் லோர்னா. "ஒரு வருஷமா நின்ன வண்டி. கொஞ்ச நேரம் ஓடட்டும்."