தீவுக்குப் போகிறவன்

கோவிலம்பாக்கத்து சோலார் கம்பெனியில் தனசேகருக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். கரண்ட் கம்பமே இல்லாத, ஓயாமல் காற்றடிக்கும் ஒரு தீவில், பறவை ஆராய்ச்சியாளர்கள் தங்க ஒரு வீடு கட்டும் வேலை வந்தது. சோலாரும் சின்னக் காற்றாலையும் மழைத்தண்ணீரும்தான் அங்கே எல்லாம். அந்த வேலை நேற்று வந்த வினோத்குமாருக்குப் போய்விட்டது.

"அவனுக்கு வயர் பிடிக்கக் கத்துக் கொடுத்ததே நான்," என்று மனைவியிடம் பொருமினார்.

"ஏங்க இவ்வளவு வயித்தெரிச்சல்?"

"அந்தக் காத்துல அவன் ஒரு முழு வீட்டையே நிக்க வைக்கப் போறான் ஜெயப்ரியா. அது என் கனவு. நாளைக்கே மேனேஜர்கிட்ட பேசி ஆளை மாத்தறேன்."

மறுநாள் அறைக்குள் நுழைந்ததுமே மேனேஜர் முந்திக்கொண்டார்.

"வாங்க தனசேகர், ஒரு கையெழுத்து வேணும். அந்தத் தீவு ஆறு மாசம் போக்குவரத்தே இல்லாத இடம். ஏதாவது ஆயிட்டா யாருக்குச் சொல்லணும்னு ஃபார்ம்ல கேட்டிருக்கு. வினோத் உங்க பேரை எழுதியிருக்கார். தனக்கு வேற யாரும் இல்லைன்னார்."

உறவு என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று இருந்தது.

தனசேகர் கையெழுத்துப் போட்டார்.

"ஆமா, நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

"அவன் கிளம்பற அன்னிக்கு எனக்கு லீவு வேணும் சார். ஏர்போர்ட் வரைக்கும் போய் விட்டுட்டு வரணும்."