தாய்மானின் பழைய முடிவு

"தாய்மான் சாகவேண்டாம்னு உன் பொண்டாட்டி ரௌஷன்தானே கெஞ்சினா? அதனாலதான் பிழைக்க வெச்சேன்" என்றார் கார்ட்டூன் பட இயக்குநர் சபித். கஜகஸ்தானின் அல்மாத்தி நகர ஸ்டுடியோவில் முதல் காட்சிக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"தாய்மான் சாகிற பழைய முடிவையே போடுங்கண்ணே" என்றான் காசென்.

"பைத்தியமா உனக்கு? அந்த மானுக்குக் குரல் கொடுத்தவளே அவதான். ஊர்லேருந்து வந்ததும் என்னைத் தொலைச்சுடுவா."

காசென் முன்வரிசையில் இருந்த மகளைப் பார்த்தான்.

"அவ வரமாட்டா அண்ணே. போன வாரம் அவளை ஊர்லேயே அடக்கம் பண்ணிட்டோம். சாவை நம்ம கஜக ஆளுங்க நேரா சொல்றதில்லையே, கதையாத்தானே சொல்லுவோம்? பாப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

சபித் பழைய பிரதியைப் போடச் சொன்னார். விளக்கு அணைந்தது. திரையில் தாய்மான் தன் குட்டியைக் கூப்பிட்டது.

"ஐ, அம்மா குரல்!" என்று கை தட்டினாள் குழந்தை.